ஷோகியின் இரு இளையோர் போட்டிகள்: ஷின்ஜின்-ஓவும் ககோகாவா செய்ரியூவும்

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் இளம் ஆட்டக்காரர்களுக்கென நடைபெறும் போட்டிகளுள் ஷின்ஜின்-ஓ மூத்தது. அகாஹாத்தா நாளிதழின் ஆதரவில் 1970 முதல் நடந்து வருகிறது. ககோகாவா செய்ரியூ போட்டியோ 2011இல் தொடங்கியது. ஹியோகோ மாகாணத்தின் ககோகாவா நகரமே அதனைத் தாங்கி நிற்கிறது. ஒரு நகரம் தொழில்முறைப் போட்டியொன்றைத் தனதாக்கிக்கொண்டது எனக்குப் பெருமதிப்பைத் தருகிறது. அதன் முதல் வெற்றியாளரான ஃபுனாயே கோஹெய் அந்நகரத்தின் மைந்தர் என்பது அம்மதிப்பை இன்னும் கூட்டுகிறது.

ஷின்ஜின்-ஓவில் 26 வயதுக்கு மேற்படாத, ஆறாம் டான் (டான் என்பது ஆட்டத் தரநிலை) வரையிலான தொழில்முறையினர் மோதுகின்றனர். செய்ரியூ, நான்காம் டான் நிலையில் உள்ள புதியவர்களை முதன்மையாகக் கொண்டது. தொழில்முறைத் தகுதிக்காகப் பயிலும் மூன்றாம் டான் மாணவர்களும், பெண் ஆட்டக்காரர்களும், அமெச்சூர்களும் இரண்டிலும் இடம்பெறுகின்றனர். 2013இல் மூன்றாம் டான் மாணவராக இருந்த தோனாரி ர்யூமா, தொழில்முறையினரைக் கடந்து ஷின்ஜின்-ஓ பட்டத்தை வென்றது இவ்வாய்ப்பின் பயனைக் காட்டுகிறது.

இரண்டிலும் இறுதிச்சுற்று அதிகபட்சம் மூன்று ஆட்டங்கள் கொண்டது. ஆனால் நேர ஒதுக்கீடு முற்றிலும் வேறு. ஷின்ஜின்-ஓவில் ஒவ்வொருவருக்கும் 3 மணி நேரம் கிடைப்பதால் நடு ஆட்டத்தின் சிக்கல்களை ஆழ்ந்து கணக்கிட இயலும். செய்ரியூவின் 1 மணி நேரம் விரைவில் கரைந்து, விநாடிகளுக்குள் முடிவெடுக்கும் துணிவைச் சோதிக்கிறது. ஓர் இளைஞரின் முதிர்ச்சியை அளக்க ஷின்ஜின்-ஓவே ஏற்றது என நான் கருதுகிறேன். 2018இல் 16 வயது ஃபுஜி சோட்டா அதனை வென்று, அப்போட்டியின் மிக இளைய வெற்றியாளரானார்.