மூன்று வருடம், நான்கு மென்பொருள், ஒரு பழைய 'லை'

என் பெரியப்பா கடைப் பலகை எழுதுகிறவர். 1975இல் தொழிலுக்கு வந்தார். மதுரை கீழமாசி வீதியில் ஒரு கடையின் மாடியில் அவர் எழுதிய 'மொத்த விலைக் கடை' என்ற பலகை வெயிலில் வெளுத்துப்போய் இன்னும் தொங்குகிறது. அதில் இருக்கும் 'லை' இப்போது நாம் எழுதும் லை இல்லை. ல-வின் தலைக்கு மேல் தும்பிக்கை தூக்கி நிற்கும் பழைய லை. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் கடைசி வருடத்தில் நான் செய்த 40 வினாடி அனிமேஷன் அந்த ஓர் எழுத்திலிருந்துதான் தொடங்கியது. அதை முடிக்க கிம்ப் (படம் திருத்த), இங்க்ஸ்கேப் (கோட்டு வடிவம் வரைய), கிரிட்டா (ஓவியம் வரைய), பிளெண்டர் (முப்பரிமாணத்துக்கு) என்று நான்கு மென்பொருள் தேவைப்பட்டன. நான்கும் இலவசம். 2022இலிருந்து 2025 வரை கிட்டத்தட்ட தினமும் இவற்றைத் திறந்து வேலை பார்த்திருக்கிறேன். இதே படிப்புக்கு வரப்போகிற தம்பி தங்கைகள் அடிக்கடி என்னிடம் கேட்பதால், தெரிந்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

முதலில் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னுடையது அக்கா இன்ஜினியரிங் படித்த காலத்து லேப்டாப். ரேமை 8 ஜிபி ஆக்கி, ஒரு எஸ்எஸ்டி போட்டுக்கொண்டேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. வரைவதற்குத் திரையில்லாத சின்ன பேனா டேப்லெட். இந்த அனுபவம் முழுக்க அந்த அளவுக்குள் நடந்தது. மாதச் சந்தா கட்டும் மென்பொருள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. கிராக் போட்டு ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. என் வேலைக்கு நாளை ஒருவர் காசு தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். இன்னொருவர் உழைப்புக்கு நான் தராமல் இருப்பது சரியாகப் படவில்லை.

முதல் வருடம் முழுக்க கிம்ப்தான். 1995இல் கலிஃபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் தொடங்கிய மென்பொருள் இது. அது தெரிந்தபோது எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. நான் முதலில் செய்தது மல்லிகைப்பூ தொடுக்கும் கைகள், 12 படம் கொண்ட ஒரு ஜிஃப். பென்சிலில் வரைந்து, போனில் போட்டோ எடுத்து, கிம்ப்பில் திறந்தேன். போனில் எடுத்த காகிதம் எப்போதும் சாம்பல் நிறமாகத்தான் வரும். 'லெவல்ஸ்' திறந்து வலது பக்க முக்கோணத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் காகிதம் வெளுத்துவிடும், கோடு நிற்கும். அப்புறம் 'கலர் டு ஆல்ஃபா'. வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் காகிதம் மறைந்து பென்சில் கோடு மட்டும் கண்ணாடி மேல் வரைந்தது போல நிற்கும். ஓரத்தில் மெலிந்து தேயும் கோடுகூட அப்படியே கிடைக்கும். மூன்று வருடத்தில் நான் அதிகம் பயன்படுத்திய வசதி இதுதான்.

ஜிஃப் செய்யும் முறை எளிது. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஒவ்வொரு லேயரும் ஒரு ஃபிரேம், அதாவது அசைவில் வரும் ஒரு படம். லேயரின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 100எம்எஸ் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் படம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நிற்கும். நூல் முடிச்சை இறுக்கும் இடத்தில் மட்டும் 300 என்று போட்டேன். அந்த ஒரு மாற்றத்தில் கைக்கு உயிர் வந்துவிட்டது. ஜிஃபில் 256 நிறத்துக்கு மேல் வராது. அதனால் கை தோலுக்கு நான் பார்த்துப் பார்த்துக் கொடுத்த மென்மையான நிழல் எல்லாம் பட்டை பட்டையாகப் பிரிந்தது. திரும்ப உட்கார்ந்து, மூன்றே தட்டை நிறத்தில் வரைந்தேன். அதுதான் நன்றாகவும் இருந்தது.

கிம்ப்பின் பெரிய குறை, நான் பயன்படுத்திய 2.10 பதிப்பில், திருத்தங்கள் படத்தோடு ஒட்டிவிடும் என்பது. நிறத்தை மாற்றிச் சேமித்துவிட்டால் அடுத்த வாரம் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கு முன்னும் லேயரை நகல் எடுத்து, அதன் கண் குறியை அணைத்து மறைத்து வைக்கும் பழக்கம் வந்தது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் இது மாறிவிட்டது. ஃபில்டர்களைப் போட்ட பிறகும் திறந்து மாற்றலாம், நீக்கலாம். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க இருந்த நேரம் என்பதால் நான் உடனே மாறவில்லை. பாதி வேலையில் இருக்கும்போது பதிப்பு மாற்ற வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன்.

அச்சு இன்னொரு கதை. கல்லூரி விழாவுக்கு ஏ3 அளவில் போஸ்டர், 300 டிபிஐக்கு 3508 × 4961 பிக்சல், எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். திரையில் பளீரென்று இருந்த நீலம், தாளில் கத்திரிப்பூ நிறமாக வந்தது. திரையின் நீலம் ஒளியால் ஆனது. அச்சு மையில் அந்த நீலமே கிடையாது. தவறு என்னுடையது, நான் மையின் நிறங்களில் வேலை செய்யவே இல்லை. அதிலிருந்து அச்சுக்குப் போகும் வேலையைக் கிரிட்டாவில் முடிக்கிறேன். அதில் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே என்ற அச்சு மை நிறமுறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் அதிகம் அழுவது இந்த இடத்தில்தான். 'கொ' என்று நாம் தட்டும்போது கணினிக்குள் போவது முதலில் 'க', பின்னால் ஒரு குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அதைச் செய்யாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி, எழுத்து சிதறும். கிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் எனக்கு ஒருநாளும் தமிழ் உடைந்ததில்லை. கேட்டமரன், முக்த மலர், கவிவாணர், பவனம் போன்ற யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடு) எழுத்துருக்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுதப் போகிறவர்கள், முதல் வேலையாக அமைப்புகளுக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

பிளெண்டரில் நிலைமை வேறு. அதன் முப்பரிமாண எழுத்துக் கருவிக்குத் தமிழைக் கோத்து அடுக்கத் தெரியாது. சரி, அதற்கும் வழி இருக்கிறது. இங்க்ஸ்கேப்பில் தமிழில் எழுதி, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்துக் கோடாக மாற்றி, எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாகச் சேமித்து, பிளெண்டருக்குள் கொண்டுவந்தால் எழுத்து அச்சு அசலாக வந்து உட்காரும். பிறகு தடிமன் கொடுக்கலாம், சுழற்றலாம். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் மறுபடி இங்க்ஸ்கேப்பிலிருந்து தொடங்க வேண்டும். இதே வேலையைத்தான் ஃபிளெக்ஸ் கடையில் "லெட்டரை எல்லாம் கர்வ் பண்ணிக் கொண்டு வாங்க" என்று சொல்கிறார்கள். அவர்கள் கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலை இல்லை.

இனி அந்த 'லை'. ணை, லை, ளை, னை, றா, ணா, னா என்று மொத்தம் 13 எழுத்துகளின் வடிவம் 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசின் ஆணையால் மாறியது. பெரியார் 1935இலேயே தன் பத்திரிகையில் கையாண்ட வடிவங்கள் அவை. ஆணை வந்த பிறகும் பெரியப்பாவின் கை பழைய லையையே எழுதிக்கொண்டிருந்தது. கீழமாசி வீதிப் பலகை 1981இல் எழுதியது. யூனிகோடில் பழைய லைக்குத் தனி இடம் இல்லை. அதே குறியீடுதான், எழுத்துரு வரைகிறவர் எந்த வடிவம் கொடுக்கிறாரோ அது தெரியும். அதனால் பலகையைப் போட்டோ எடுத்து, இங்க்ஸ்கேப்பில் அதன் மேல் கோடு இழுத்து, நானே வரைந்துகொண்டேன்.

பழைய லை புதிய லையாக மாறுவதைக் காட்ட வேண்டும். இங்க்ஸ்கேப்பில் 'இன்டர்போலேட்' என்று ஒன்று உண்டு. இரண்டு வடிவத்தைக் கொடுத்தால் இடையில் வர வேண்டிய வடிவங்களை அதுவே உருவாக்கித் தரும். தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமியின் 'க' வெறும் கூட்டல் குறி போல இருக்கும். அதை இன்றைய க-வாக மாற்றிப் பார்த்தபோது, இரண்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சமமாக்கி, தொடங்கும் இடத்தையும் ஒன்றாக்கியதும், ஓரளவு ஒழுங்காக வந்தது. லைக்கு அது வரவே இல்லை. பழையது ஒரே கோடு, புதியது இரண்டு துண்டு. இடையில் வந்த வடிவங்கள் உருகிய மெழுகு போலக் கிடந்தன. இரண்டு வாரம் இதோடு போராடினேன். அப்புறம்தான் புரிந்தது, எழுத்து அப்படி உருகி மாறவில்லை. ஒரு கை, ஒரு பிரஷ், எழுதும் வரிசை, இவை மாறித்தான் எழுத்து மாறியது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் புள்ளியை விட்டார்கள் என்று சொல்வார்களே, அதுபோல. கையின் அசைவை வரைய வேண்டும் என்று முடிவானதும் கிரிட்டாவுக்கு வந்தேன்.

கிரிட்டாவில் அனிமேஷன் வசதி 2016இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. நான் படம் வரையும் மென்பொருளாக மட்டும்தான் அதை முன்பு நினைத்திருந்தேன். பக்கத்துப் படங்களை நிழலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னைப் போட்டால் முந்தைய படம் சிவப்பிலும் அடுத்த படம் பச்சையிலும் மங்கலாகத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் பேனாவை ஓட்டும்போது, தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வரைந்த பழைய அனிமேட்டர்களின் வேலை என்னவென்று கையால் தெரிந்துகொள்ளலாம். பிரஷ்கள் அருமை. எனாமல் பெயின்ட் தடவியது போல ஒன்றை நானே உருவாக்கினேன். தொடக்கத்தில் குண்டாகவும் இழுப்பு முடியும் இடத்தில் பிரிந்த மயிர்க்கோடாகவும் வரும்.

நினைவகத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டிக் காட்டுவதற்காக கிரிட்டா ஃபிரேம்களை ரேமில் வைத்துக்கொள்ளக்கூடும். 1920 × 1080 அளவில் ஒரு ஃபிரேம் சுமார் 8.3 எம்பி. வினாடிக்கு 12 வீதம் 40 வினாடிக்கு 480 ஃபிரேம், கிட்டத்தட்ட 4 ஜிபி. என் லேப்டாப்பில் பாதி அதற்கே போய்விடும். 1280 × 720க்கு இறங்கினால் 1.8 ஜிபிக்குள் அடங்குகிறது. அமைப்புகளில் இந்தச் சேமிப்பை ரேமிலிருந்து டிஸ்குக்கு மாற்றும் வழியும் இருக்கிறது. எஸ்எஸ்டி இருந்தால் மாற்றிவிடுங்கள். படத்தையும் ஐந்தைந்து வினாடித் துண்டுகளாகத் தனித்தனிக் கோப்பில் வரைவது நல்லது. வீடியோவாக எடுக்க முன்பெல்லாம் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியைத் தனியாகத் தேடி இறக்க வேண்டியிருந்தது, 5.2 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது.

பிளெண்டரை நான் பலகை, சுவர், வெயில் இவற்றுக்கு மட்டும்தான் பயன்படுத்தினேன். அதன் 4.0 பதிப்பிலிருந்து ஓபன்ஜிஎல் (கிராஃபிக்ஸ் வரைவதற்கான அடிப்படை வசதி) 4.3 வேண்டும். என் பழைய லேப்டாப்பில் அது இல்லாததால் 3.6 எல்டிஎஸ்ஸோடு (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) நின்றுவிட்டேன், எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. படத்தைக் கணக்கிட்டு உருவாக்க (ரெண்டர்) பிளெண்டரில் சைக்கிள்ஸ், ஈவீ என்று இரண்டு முறை உண்டு. சைக்கிள்ஸில் ஒரு ஃபிரேம் எடுக்க நிமிடக்கணக்கில் ஆனது, ஈவீயில் சில வினாடிதான். முழுக்க பிளெண்டரில், அதுவும் ஈவீயில் எடுத்த ஒரு லாத்வியப் படம் 2025இல் ஆஸ்கர் வாங்கிய செய்தி வந்த அன்று எங்கள் ஹாஸ்டலில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. நேராக எம்பி4ஆக ரெண்டர் போடாதீர்கள். இரண்டாம் வருடத்தில் ஊருக்குப் போயிருந்தபோது இரவு முழுக்க ஓட விட்டுத் தூங்கினேன். பேட்டரி செத்த லேப்டாப், விடிகாலையில் கரண்ட் போனது. பாதியில் நின்ற வீடியோ திறக்கவே இல்லை. இப்போது பிஎன்ஜி படங்களாக வரிசையாக எடுக்கிறேன். 300ஆவது படத்தில் நின்றால் 301இலிருந்து தொடரலாம். கடைசியில் பிளெண்டரின் வீடியோ எடிட்டரிலேயே கோத்து, சத்தம் சேர்த்துக்கொள்ளலாம்.

ப்ராஜெக்ட் கொடுப்பதற்கு நான்கு நாள் முன்னால் பெரியப்பாவிடம் போனில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா தும்பிக்கை ஏறுற எடத்துல நாங்க பிரஷ்ஷைத் தூக்க மாட்டோம். ஒரே இழுப்பு. நீ ரெண்டா போட்டுருக்க" என்றார். பக்கத்தில் கிடந்த அட்டையில் சாக்பீஸால் இழுத்தும் காட்டினார். அறுபது வயதுக்கு மேலும் அந்தக் கோடு எங்கும் நடுங்கவில்லை. அதை வீடியோ எடுத்துக்கொண்டு வந்து, அன்று இரவே அந்த 14 ஃபிரேமையும் அழித்துவிட்டு, ஆனியன் ஸ்கின்னை நிறுத்திவைத்து, அவர் கை போன வழியில் வரைந்தேன். சமர்ப்பித்தது அந்தப் பதிப்பைத்தான்.

'ணை'யும் 'னை'யும் இன்னும் செய்யவில்லை. அவருடைய பழைய பலகைகள் எங்கெங்கே மிச்சம் இருக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மொத்தம் ஏழு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போட்டோ எடுக்கப் போகிறோம்.