ஓபிடி ஸ்கேனர் வாங்கலாமா?

ஓபிடி என்பது வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து குறித்து வைக்கும் ஏற்பாடு. அதைப் படிக்க இணையக் கடைகளில் ‘ஓபிடி 2 ஸ்கேனர்’ என்று தேடினால் 400, 500 ரூபாய்க்கு நீல நிறத்தில் ஒரு குட்டிப் பெட்டி வரும். மேலே ‘ஈஎல்எம் 327’ என்று அச்சடித்திருக்கும். கம்பெனிப் பெயர் எதுவும் இருக்காது. என்னிடம் இருப்பதும் அந்த ரகம்தான். டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எரியும் செக் என்ஜின் லைட் எதற்காக எரிகிறது என்பதை ப்ளூடூத் வழியாக நம் போனுக்குச் சொல்வதுதான் இதன் வேலை. இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டது. வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் விற்கிறவர்கள் எழுதி வைத்திருக்கிற ‘எல்லாப் பிரச்சினையும் ஒரே நொடியில்’ என்பதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மாட்டுவது சுலபம். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சில வண்டிகளில் ஃபியூஸ் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். நம் ஊரில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிப்படி செய்த) கார் என்றால் ஓபிடி 2 இருக்கும், தைரியமாக மாட்டலாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, போனில் ப்ளூடூத் தேடினால் பெயர் வரும். பாஸ்வேர்டு கேட்டால் 1234 அல்லது 0000. ஆப் தனியாக இறக்க வேண்டும். நான் ‘கார் ஸ்கேனர்’ என்ற ஆப்பின் இலவச வடிவத்தை வைத்திருக்கிறேன், போதுமானதாக இருக்கிறது. ‘டார்க்’ (Torque) ஆப்பும் நன்றாகவே ஓடும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்த நீலப் பெட்டியில் இருக்கும் பழைய ப்ளூடூத் ஐபோனோடு பேசாது. ப்ளூடூத் 4.0 என்றோ வைஃபை என்றோ தெளிவாகப் போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு விஷயம். ஈஎல்எம் 327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் வடிவமைத்த சிப். 500 ரூபாய்க்குக் கிடைப்பவை எல்லாம் அதன் நகல்கள். பெட்டியில் ‘வெர்ஷன் 1.5’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அசல் கம்பெனி 1.4-க்குப் பிறகு நேராக 2.0-க்குப் போய்விட்டது, 1.5 என்று ஒன்றை அது வெளியிடவே இல்லை! ஆனாலும் வேடிக்கை என்னவென்றால், இந்த இல்லாத 1.5 நகல்கள் பல நேரம் ஒழுங்காக வேலை செய்கின்றன. ‘2.1’ என்று போட்ட நகல்களில்தான் சில கட்டளைகளையே வெட்டி எறிந்திருப்பார்கள். நான் முதலில் வாங்கியது அந்த 2.1. வண்டியோடு இணையவே இல்லை, திருப்பி அனுப்பிவிட்டேன்.

சரி, இது உதவியதா? மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும்போது நடந்ததைச் சொன்னால் போதும். எட்டூர்வட்டம் டோல் தாண்டி, சாத்தூரையும் தாண்டிய பிறகு வண்டியில் பிக்கப் குறைந்தது. என்ஜின் உதற ஆரம்பித்தது. செக் லைட் விட்டு விட்டு மின்னியது. இந்த மின்னல்தான் முக்கியம். லைட் நிலையாக எரிந்தால், வண்டி வேறு எந்த வகையிலும் முரண்டு பிடிக்காதவரை, ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். மின்னினால் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது சூடேறி உருகிப்போனால் செலவு பல ஆயிரங்களில் நிற்கும். ஓரமாக நிறுத்தி ஸ்கேனரை மாட்டினேன். பி0303 என்று கோளாறுக் குறியீடு, அதாவது ‘கோடு’ (code) வந்தது. மிஸ்ஃபயர் கோடுகளில் பி03-க்குப் பின்னால் வரும் எண் சிலிண்டரின் எண். ஆக, மூன்றாவது சிலிண்டர். ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், ஏசியை அணைத்து, பொடிநடையாக உருட்டிக் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தோம்.

பைபாஸ் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். “அண்ணாச்சி, மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங்னு காட்டுது” என்று போனை நீட்டினேன். அவர் கோடைப் பார்த்துவிட்டு, “பிளக்கா காயிலான்னு இப்பவே தெரிஞ்சிரும் தம்பி” என்றார். மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தருவது) கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினார், முதலாவதை மூன்றில் மாட்டினார். கோடை அழித்துவிட்டுத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தோம். பி0301 என்று வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டதால் குற்றவாளி காயில்தான். மூன்றிலேயே நின்றிருந்தால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்த்திருக்க வேண்டும். ஒரே ஒரு காயில், கூலியோடு சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்கேனர் வாங்குவதற்கு முன்னால் இதே மாதிரி உதறலுக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் நாலு காயில், நாலு பிளக், இன்ஜெக்டர் கிளீனிங் என்று எஸ்டிமேட் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அன்று கேள்வி கேட்க என்னிடம் எதுவும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு ‘கோடு வந்தால் பார்ட்டை மாற்று’ என்று புறப்பட்டுவிடாதீர்கள். கோடு சொல்வது எந்தப் பொருள் கெட்டது என்பதை அல்ல, எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது என்பதை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் பி0135 வந்தது. ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட் என்று ஆப் விளக்கம் கொடுத்தது. அவர் உடனே சென்சார் விலையைத் தேட ஆரம்பித்துவிட்டார். வண்டி ஒரு வாரம் வேப்பமரத்தடியில் நின்ற வண்டி. அடியில் பார்த்தால் எலி ஒயரைக் கடித்து வைத்திருந்தது. ஒயரை ஒட்டி டேப் சுற்றியதும் சரியாகிவிட்டது. சர்க்யூட் என்றால் ஃபியூஸ், ஒயர், கனெக்டர், சென்சார் நாலும் அதில் சேர்ந்ததுதான். பி0420-ம் இப்படித்தான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று காட்டும். ஆனால் எக்ஸாஸ்ட் பைப்பில் சின்னக் கசிவு இருந்தாலும் அதே கோடு வரலாம்.

ஆப்பில் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. கோடு பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று வண்டி குறித்து வைத்திருக்கும். ‘எப்பவாவதுதான் வருது, ஒர்க்‌ஷாப் போனா வர மாட்டேங்குது’ என்கிற தொல்லைக்கு இதுதான் சாட்சி. அதனால் கோடை அழிக்கும் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி லைட்டை அணைக்கும் நம் ஊர் வைத்தியமும் பல வண்டிகளில் இதையேதான் செய்கிறது. கோளாறு சரியாகவில்லை என்றால் கொஞ்ச தூரம் ஓடியதும் லைட் திரும்ப வரும். உண்மையிலேயே சரியாகிவிட்டால் பொத்தானே தேவையில்லை. அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் தவறு தென்படவில்லை என்றால் வண்டியே லைட்டை அணைத்துக்கொள்ளும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த 500 ரூபாய் முதல் நாளே திரும்ப வந்துவிடும். ஆப்பில் ‘ரெடினஸ்’ பக்கத்தைத் திறங்கள். வண்டி தன்னைத் தானே சோதித்து முடித்த பட்டியல் அதில் இருக்கும். பல வரிகள் ‘முடியவில்லை’ என்று காட்டினால், யாரோ சமீபத்தில் கோடை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். புரோக்கர் சிரிப்பைப் பார்க்காமல் காரணத்தைக் கேளுங்கள். கூடவே, சாவியை ஆன் செய்ததும் செக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். என்ஜின் ஸ்டார்ட் ஆகும்வரை அது எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பே போயிருக்கலாம், வேண்டுமென்றே பிடுங்கியும் இருக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டுகளுக்கு இந்த மலிவுப் பெட்டியை நம்ப முடியாது. அவற்றைப் படிக்க அந்த வசதி உள்ள வேறு கருவி வேண்டும். பிஎஸ் 6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி அடைத்தால் பி2463 என்று காட்டும், ஆனால் புகைக்கரியை எரித்துச் சுத்தம் செய்ய வைக்க இதனால் ஆகாது. லைவ் டேட்டா, அதாவது என்ஜின் ஓடும்போதே காட்டும் அளவுகள், கொஞ்சம் தடுமாறித்தான் ஓடும். பெட்டி சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதால் என் முழங்கால் அடிக்கடி இடிக்கும். அந்த சாக்கெட்டின் 16-வது பின்னில் சாவி இல்லாவிட்டாலும் பேட்டரி கரன்ட் இருந்துகொண்டே இருக்கும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ சிவப்பாக எரிந்தால் ஸ்கேனரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள்.

வாங்குவதானால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிற கடையில் வாங்குங்கள். வந்த அன்றே வண்டியில் மாட்டி, கோடு பக்கமும் ரெடினஸ் பக்கமும் திறக்கிறதா என்று பாருங்கள். கோடு எதுவும் இல்லாவிட்டாலும் ஆர்பிஎம்மும் கூலன்ட் சூடும் ஆப்பில் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டாமல் திருப்பிவிட்டு அடுத்ததை எடுங்கள்.