மண்டலமா, தொகுதியா, திணையா?

டர்பனில் எங்கள் மாலைநேரத் தமிழ் வகுப்பில், ஓரிடத்து உயிர்களும் மண், நீர், தட்பவெப்பமும் சேர்ந்த எக்கோசிஸ்டம் என்பதற்குப் பலகையில் ‘சூழல் மண்டலம்’ என்று எழுதினேன். “மண்டலம்னா கும்பாபிஷேகம் முடிஞ்சு 48 நாள் செய்ற பூஜைதானே சார்?” என்றாள் ஒரு சிறுமி. கோயிலில் வளர்கிற பிள்ளை, வேறெப்படிக் கேட்கும்? சரி, தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று உட்கார்ந்து பார்த்தேன்.

எக்கோசிஸ்டம் என்ற சொல் பிறந்த சண்டையில் எங்கள் நாட்டுக்கும் பங்குண்டு. 1935இல் இதை அச்சில் கொண்டுவந்தவர் ஆங்கிலத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. அவர் அந்தக் கட்டுரையில் எதிர்த்து வாதிட்டது தென்னாப்பிரிக்கச் சூழலியலாளர் ஜான் பிலிப்ஸோடு. ஓரிடத்துச் செடிகொடிகளும் விலங்குகளும் சேர்ந்தால் அதுவே ஓர் உயிரி என்பது பிலிப்ஸ் கட்சி. அவருக்குப் பின்பலம், பகுதிகளின் கூட்டலைவிட முழுமை பெரிது என்று ஜெனரல் ஸ்மட்ஸ் 1926இல் முன்வைத்த ‘முழுமை’த் தத்துவம். ஆமாம், காந்தியோடு மல்லுக்கு நின்ற அதே ஸ்மட்ஸ்தான். டான்ஸ்லி அந்த ‘உயிரி’யை ஏற்கவில்லை. மண்ணையும் தட்பவெப்பத்தையும் விட்டுவிட்டு உயிர்களை மட்டும் எண்ணக் கூடாது, எல்லாம் சேர்ந்துதான் ஒரே இயக்கம் என்றார்.

அந்த உரைகல்லில், சிலர் சொல்லும் ‘உயிர்ச்சூழல்’ முதலில் தோற்கிறது. கேட்க அழகு, ஆனால் சேறும் உப்பும் அதற்குள் வருவதில்லை. பிலிப்ஸுக்குப் பிடித்திருக்கும்!

‘மண்டலம்’ தமிழ்நாட்டுப் பாடநூல்களின் சொல். நரம்பு மண்டலம், சூரிய மண்டலம் என்கிறோமே, அதனால் தப்பில்லை. ஆனால் தொண்டை மண்டலம், வெப்ப மண்டலம் என்று காது பெரிய நிலப்பரப்புக்கே ஓடுகிறது. ஒரு குட்டையைக் காட்டி மண்டலம் என்றால் சிரிப்பு வரும். டான்ஸ்லியின் சொல்லோ குட்டைக்கும் பொருந்தும், காட்டுக்கும் பொருந்தும்.

என் மனசு போனது திணை பக்கம். டர்பனில் உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் பீச்வுட் அலையாத்திக் காடு இருக்கிறது. பிச்சாவரத்தில் நிற்கும் வெண்கண்டல் மரம் இங்கும் நிற்கிறது. ஓதம் ஏறி இறங்குகிறது, உதிர்ந்த இலையை நண்டு வளைக்குள் இழுத்துப் போகிறது, இலை மக்கி மறுபடி சேறாகிறது. திணையில் நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் மனிதர் தொழிலும் கருப்பொருள். உயிரில்லாததை முதலில் வைத்த பார்வை! ஆனாலும் இதைக் கலைச்சொல்லாக்கத் தயக்கம். நெய்தல் என்பது நிலத்தின் வகை, உம்கேனி முகத்துவாரம் என்ற ஓரிடம் அல்ல. அப்புறம் அந்த நிலத்துக்குரிய மன உணர்வாகிய உரிப்பொருள் வேறு இருக்கிறது. தலைவியின் இரங்கலை அறிவியல் ஆசிரியர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? வகுப்பில் விளக்க மட்டும் திணையை வைத்துக்கொள்கிறேன்.

‘சூழல் அமைப்பு’ மோசமில்லை, ஆனால் ஊரில் உள்ள சங்கம், மன்றத்துக்கும் அமைப்பு என்றுதானே பெயர்.

என் ஓட்டு இலங்கைத் தமிழர் வழங்கும் ‘சூழல் தொகுதி’க்கு. உயிருள்ளதும் இல்லாததும் தொகுந்து நிற்பது அதில் தெரிகிறது, சிறிசு பெரிசு பேதமில்லை. தமிழ்நாட்டில் தொகுதி என்றதும் தேர்தல் ஞாபகம் வரலாம். டர்பன் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

‘ஸ்டார்ட்அப் எக்கோசிஸ்டம்’ என்கிறார்களே, அதற்கு ‘தொழில் சூழல்’ போதும். அதற்குள் நண்டை இழுக்க வேண்டியதில்லை.