காகிதம் வெட்டிக் காட்டி 4,850 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: கத்தியைக் கூரியரில் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முந்தாநாள் சாயங்காலம், என் கத்தியைத் தீட்டித் தந்த கம்பெனியிடமிருந்து கடைசியாக ஒரு பதில் வந்தது. "உங்க கம்ப்ளெயின்ட் க்ளோஸ் பண்ணியாச்சு மேடம்." அவ்வளவுதான். 4,850 ரூபாய் போயிற்று, அதைவிட முக்கியம் என் கத்தியின் நுனி போயிற்று.

பெயர் சொல்லப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் அது இது என்று ஏற்கெனவே ஒரு தடவை மிரட்டிவிட்டார்கள், எனக்குத் தினம் 45 சாப்பாடு கட்டுகிற வேலை இருக்கிறது, அவர்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை. என்ன மாதிரி ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன்: இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டு, கூரியரில் கத்தியை வரவழைத்து, தீட்டி அனுப்பி, கூடவே, தீட்டிய கத்தியைக் கடைசியாக இழுத்து மெருகேற்றுகிற தோல் பலகையும் ஆன்லைன் வகுப்பும் தலையில் கட்டுகிற கம்பெனி. இவர்களிடம் மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் திருச்சி உறையூரில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு செய்து கொடுக்கிறவள். காலை ஐந்து மணிக்கு வெங்காயம், கோஸ், பீன்ஸ் என்று அரியத் தொடங்கினால் ஏழரை ஆகும். தம்பி ஒசாகாவில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தபோது பக்கத்து ஊரான சகாயிலிருந்து ஒரு கத்தி வாங்கி வந்தான். சகாய் கத்திக்கென்றே பேர்போன ஊராம். 210 மில்லிமீட்டர் நீளம், கார்பன் ஸ்டீல், கையில் எடுத்தால் எடையே தெரியாது. கூடவே தீட்டுகிற கல்லும் ஒன்று கொடுத்தான், ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 (சொரசொரப்பின் எண், கூடக் கூட நைஸ்). அந்தக் கல்லை நான் பயத்தில் பிரிக்கவே இல்லை. இது பின்னால் வரும்.

ஒன்றரை வருடம் கழித்துக் கத்தி மெதுவாக மழுங்கியது. எங்கள் தெருவுக்கு மாதம் ஒரு முறை சைக்கிளில் சாணை பிடிக்கிறவர் வருவார். ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்து, சக்கரத்தைச் சுற்றவிட்டு, கத்திக்கு 40 ரூபாய். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, கட்டைவிரலைக் கூரின் குறுக்கே லேசாக ஓட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், திரும்ப என் கையில் கொடுத்துவிட்டார். "இது தண்ணி விட்டுக் கல்லுல தீட்டுற சாமான்மா. என் சக்கரத்துல வச்சா எரிஞ்சு போயிரும். நான் தொட மாட்டேன்." அரிவாள்மனைக்கு மட்டும் சாணை பிடித்துவிட்டுப் போனார். இவருக்கு இதெல்லாம் தெரியாது போல என்று நான் நினைத்தேன். இந்தக் கதையில் எனக்கு உண்மை சொன்ன முதல் ஆள் அவர்தான், அவரைத்தான் அப்படி நினைத்தேன்.

அன்றைக்கு ராத்திரியே போனில் அந்த விளம்பரம். ஒரு கை, ஒரு கத்தி, ஒரு செய்தித்தாள். தாளின் ஓரத்தில் கத்தியை வைத்து விட்டால் அது பாட்டுக்கு இறங்குகிறது, துண்டு சுருண்டு விழுகிறது. நம்பரைத் தட்டினேன்.

நான் விழுந்த இடம் இதுதான். எடுத்தவர் விலை சொல்லவில்லை. முதல் கேள்வியே, "ஷிரோகாமியா அவோகாமியா மேடம்?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பியைக் கேட்டுச் சொன்னேன், ஷிரோகாமி, அதாவது வெள்ளைத்தாள். இரண்டும் ஜப்பானியக் கத்தி எஃகு வகைகள், எஃகைச் சுற்றி வரும் தாளின் நிறத்தை வைத்தே அந்தப் பெயராம், மற்றது நீலத்தாள். நான் சொன்னதும் அந்த மனிதர் குரலில் ஒரு மரியாதை வந்தது பாருங்கள், "அடடா, அதுக்கு மெஷினே ஆகாது மேடம், முழுக்கக் கல்லுதான், பக்கத்துக்கு 15 டிகிரி சாய்வு, நானே என் கையால பண்றேன்" என்றார். சாணைக்காரர் சொன்ன அதே விஷயம். தெருவில் ஒருவர் சொன்னால் அறியாமை, போனில் ஜப்பானிய வார்த்தையோடு சொன்னால் அறிவு. போனை வைப்பதற்குள் ஜிபேயில் பணம் போய்விட்டது. அந்தக் கத்திக்கு 1,200, வீட்டிலிருந்த வேறு இரண்டு ஸ்டெயின்லெஸ் கத்திகளுக்கு 900, தோல் பலகையும் அதில் தடவுகிற பச்சை மெழுகும் 1,950, வகுப்பு 500, கூரியர் 300. கூட்டினால் 4,850 ரூபாய்.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. முன்னதாக ஒரு வீடியோவும் வந்தது, என் கத்தி, அதே செய்தித்தாள், அதே சுருள். வீட்டில் தக்காளியின் மேல் வைத்தேன், கத்தியின் எடைக்கே இறங்கியது. சந்தோஷத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து நாலு வரி எழுதினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, அழிக்க முடியவில்லை, அதை நினைத்தால்தான் எரிச்சல்.

மூன்றாம் நாள் காலையில் தக்காளித் தோலில் கத்தி வழுக்கியது. அழுத்தினால் தோல் குழிந்து, பிறகு சாறு தெறித்தது. ஐந்தாம் நாள் வெங்காயத்தை நறுக்கவில்லை, நசுக்கியது. தீட்ட அனுப்புவதற்கு முன் இருந்த மழுங்கலே தேவலை என்று ஆயிற்று.

ஏன் இப்படி என்று இப்போது எனக்குத் தெரியும், இரண்டு வாரம் இதே வேலையாகப் படித்தேன். கத்தியின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டே போனால், கூர் வரைக்கும் தேய்ந்த பிறகு உலோகம் மெல்லிய ஏடாக மறுபக்கம் மடிந்து நிற்கும். பிசிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வர வேண்டும், வந்தால்தான் அந்தப் பக்கம் கூர் வரை தேய்ந்தது என்று அர்த்தம். ஆனால் வந்ததை எடுத்துவிட வேண்டும், தீட்டுகிறவரின் திறமையே அதில்தான் இருக்கிறது. எடுப்பதற்கு வழி, பக்கத்துக்கு ஒரு இழுப்பு என்று மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, கடைசியில் கத்தியின் எடை மட்டும் கல்லில் படுகிற அளவுக்குக் கொண்டுவருவது. அந்தக் கடைசி இழுப்புகளைக் கூர் முன்னால் போகிற மாதிரி, கல்லை மெல்லிசாகச் சீவுவதுபோல ஓட்டினால் பிசிறு அறுந்துவிடும். கூர் பின்னால் வருகிற மாதிரியே இழுத்துக்கொண்டிருந்தால், அதுவும் அழுத்தி இழுத்தால், பிசிறு இன்னும் நீளும்.

எடுக்காமல் விட்டால் என்ன? அங்கேதான் காகித வித்தை. இந்தப் பிசிறைத் தோலில் நாலு இழுப்பு இழுத்தால் அது அறுந்து விழாது, நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்கிற அந்த ஏடு பயங்கரக் கூர். காகிதம் வெட்டும், கை முடியைக்கூட வழிக்கும். கட்டையில் நாலு கோஸ் அரிந்ததும் மடிந்து படுத்துவிடும். பழமொழியே இருக்கிறதே, தீட்டின மரத்திலேயே பதம் பார்த்த கதை என்று. தோலிலிருந்து எடுத்த கையோடு காகிதத்தில் காட்டினால் எந்தக் கத்திதான் வெட்டாது?

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், பழைய காட்டன் புடவைத் துண்டு ஒன்றை எடுத்துக் கத்தியின் முதுகிலிருந்து கூர் பக்கமாக வெளியே துடைத்தேன். இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. வலப்பக்கம் நூல் நூலாக மாட்டியது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். முதலில், "என்ன கட்டையில வெட்றீங்க மேடம்?" புளியங்கட்டை என்றேன். "அது ரொம்ப ஹார்டு மேடம், அதான் ப்ராப்ளம்." ஒன்றரை வருடமாக அதே கட்டைதான் என்றேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை. நாலு நாள் கழித்து வேறு ஒருவர், "டெக்னிக்கல் டீம் பாக்கறாங்க." அப்புறம் ஒரு பெண், "மறுபடி அனுப்புங்க, ஃப்ரீயா பண்ணித் தரோம், கூரியர் மட்டும் நீங்க." அதாவது இன்னும் 300.

அந்தச் சமயத்தில்தான் நுனியைப் பார்த்தேன். நுனியிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்துக்குக் கூரை ஒட்டி ஒரு நீலக் கோடு, அதற்கு மேல் ஊதா, அதற்கும் மேல் வைக்கோல் நிறம், வரி வரியாக. போனில் கேட்டேன். "அது பாட்டினா மேடம், கார்பன் ஸ்டீல்னா வரும்." பாதி உண்மையை வைத்து ஏமாற்றுவது என்றால் இதுதான். கார்பன் ஸ்டீலில் வெங்காயம், கறி பட்டுப் பட்டு நீலமும் சாம்பலுமாகக் கறை ஏறும், என் கத்தியிலும் இருந்தது, ஆனால் அது மேகம் மாதிரி முகம் முழுக்கப் பரவியிருக்கும். வரிசை கட்டி நுனியில் நிற்பது சூட்டின் நிறம். கொல்லர் கத்திக்குப் பதம் வைப்பது சுமார் 200 டிகிரி அளவில், அதைத் தாண்டிச் சூடேறினால் எஃகு மிருதுவாகிவிடும். எஃகு நீலமாக வேண்டுமென்றால் 300 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். கையால் தண்ணீர்க் கல்லில் தேய்த்து அந்தச் சூடு வரவே வராது. பெல்ட் மெஷினில் மெல்லிய நுனியை ஒரு நொடி கூடுதலாக வைத்தால் வரும். பதம் போன இடம் எத்தனை தடவை தீட்டினாலும் நிற்காது, அந்த உலோகம் தேய்ந்து தீரும் வரை அப்படித்தான். மற்ற இடங்களில் நிறம் இல்லையே என்று நிம்மதிப்படவும் முடியாது, பாலிஷ் போட்டால் நிறம் போய்விடும், கெடுதல் போகாது.

இதைச் சொன்னதற்குத்தான் வக்கீல் நோட்டீஸ் மிரட்டல்.

வகுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் என்று சொல்லி நாற்பது நிமிடம். தோலில் வேகமாக, அழுத்தி, முடிவில் மணிக்கட்டைத் தூக்கி எடுங்கள், "ஷ்ரிங்"னு சத்தம் வரணும் என்றார். நானும் ஒரு வாரம் அப்படியே செய்தேன். கூர் இருந்த கொஞ்சமும் போனது.

திருத்திவிட்டவர், மாமனாருக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து சவரம் செய்துவிடுகிற பெரியவர். நான் பலகையில் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இப்படிச் சொல்லிக் கொடுத்தது?" என்றார். அவர் இப்போது பிளேடு மாற்றுகிற கத்திதான் வைத்திருக்கிறார், ஆனால் முப்பது வருடம் தோல் வாரில் தீட்டியவர். கத்தியை என் கையிலிருந்து வாங்கி, முதுகு முன்னே போகக் கூர் பின்னே வர, ஒரே சாய்வில், சத்தமே இல்லாமல் இழுத்தார். முடிவில் தூக்கவில்லை. அங்கேயே நின்று, முதுகு தோலிலேயே இருக்க, கூரை மேல்வழியாகப் புரட்டி, அப்புறம்தான் திரும்பினார். "தோல் அமுங்கும்மா. நீ அழுத்துனா அது எழும்பி வந்து கூரைச் சுத்திக்கும், உருண்டையாயிடும். தூக்குனாலும் அதேதான். கத்தி எடையே போதும்." பிறகு பலகையை விரலால் தடவிப் பார்த்து, "இது தோலே இல்லையே" என்றார்.

ஓரத்தில் சின்னதாக ஒரு நறுக்கு நறுக்கித் தீக்குச்சி காட்டினேன். தோல் என்றால் முடி பொசுங்கிய நாற்றம் வரும். இது உருகிச் சொட்டி, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. பிளைவுட்டில் ஒட்டிய ரெக்ஸின். 1,950 ரூபாய்.

கடைசியில் தம்பி கொடுத்த கல்லைப் பிரித்தேன். கூரின் சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, கல் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து, மூன்று சாயங்காலம். கோணம் நிலையாக நிற்கவே ஒரு சாயங்காலம் போனது, வேகத்தால் ஒரு புண்ணியமும் இல்லை. இப்போது கத்தி பத்து நாளாக ஓடுகிறது, அந்த இரண்டு விரற்கடை நுனி தவிர. அங்கே மட்டும் ஒரு வெங்காயத்துக்குமேல் தாங்குவதில்லை. 4,850 ரூபாய் கொடுத்து அந்த நுனியை எரித்துக்கொண்டேன்.

சரி, ஆலோசனை சொல்கிறேன் என்றேன். விவரமாக எழுத முடியாது போல, சாம்பாருக்கு நேரமாகிறது. காகிதம் வெட்டுகிற வீடியோவை நம்பாதீர்கள், மரக்கட்டையில் ஐம்பது தடவை வெட்டிவிட்டுத் தக்காளியில் காட்டச் சொல்லுங்கள். மெஷினா கல்லா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அனுப்பும் முன் கத்தியின் இரண்டு பக்கமும், நுனியும் போட்டோ எடுங்கள், நான் எடுக்காததால்தான் பாட்டினா கதையை என்னிடம் ஓட்டினார்கள். முதல் நாளே ஐந்து நட்சத்திரம் கொடுக்காதீர்கள். 1930-க்குப் போன் செய்தால் ஆகுமா என்று கேட்காதீர்கள், அது சைபர் மோசடிக்கானது. இது மோசமான சேவை, நுகர்வோர் உதவி எண் 1915-இல்தான் பதிந்திருக்கிறேன், நடந்தால் சொல்கிறேன்.

திருச்சியில் நல்ல மாட்டுத் தோல், ரெண்டு அடிக்கு மூணு அங்குலம், தடிமனாக, எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பெரியவர் அடுத்த ஞாயிறு வரும்போது பலகையில் ஒட்டித் தருகிறேன் என்றிருக்கிறார்.