வெறும் தராசில் முள் நேராக நின்றால் நம்பிவிடாதீர்கள்: புளி விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் புளி சீசன் நடக்கிறது. கைத்தராசோடு வீட்டு வாசலுக்கே வந்து எடை போடும் வியாபாரியிடம் விற்கிறவர்கள் இதை முழுதாகப் படியுங்கள். எங்கள் வீட்டுப் புளியில் அப்படி ஒருவர் கை வைத்துவிட்டார்.

எடை போடும் முன் அவரே வெறும் தராசைத் தூக்கிக் காட்டினார். "முள்ளப் பாருங்கக்கா, நேரா நிக்குது" என்றார். நின்றது உண்மைதான். மூட்டைக்கு 20 கிலோ வீதம் 25 மூட்டை, மொத்தம் 500 கிலோ என்று சீட்டு எழுதினார். சாக்குக்குக் கழிவு வேறு தனியாகப் போட்டார். வண்டியில் இடமில்லாமல் ஒரு மூட்டை மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கியது. அதை மில்லில் எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் 20 கிலோ 800 கிராமுக்கு மேல் காட்டுகிறது.

அந்த மூட்டையை எடுக்க அவர் திரும்பி வந்தபோது, தட்டை மாற்றி, அதாவது படிக்கல் இருந்த தட்டில் மூட்டையையும் மூட்டை இருந்த தட்டில் படிக்கல்லையும் வைக்கச் சொன்னேன். மூட்டை சரேலென்று இறங்கியது. இன்னும் 1 கிலோ 700 கிராம் கல் சேர்த்த பிறகுதான் முள் நடுவுக்கு வந்தது. டேப் வைத்துக் கோலை அளந்தோம். நடுவிலிருந்து படிக்கல் பக்கக் கொக்கி 50 செ.மீ., சரக்குப் பக்கக் கொக்கி 48 செ.மீ.

பத்தாம் வகுப்பில் நம் பிள்ளைகள் படிக்கிற திருப்புத்திறன்தான் இது. கோலை ஒரு பக்கம் சாய்ப்பது எடை மட்டும் இல்லை; எடையையும், நடுவிலிருந்து அது தொங்கும் தூரத்தையும் பெருக்கி வருவது. 20 கிலோ கல் 50 செ.மீ.யில் தொங்கினால் 1000. அதைச் சமன் செய்ய 48 செ.மீ.யில் 20 கிலோ 830 கிராம் புளி வேண்டும். மூட்டைக்கு 830 கிராம் என்றால் 25 மூட்டைக்கு 20 கிலோவுக்கு மேல் சும்மா போகிறது. ஒரு குடும்பமே உட்கார்ந்து தட்டி, கொட்டை எடுத்த புளி!

வெறும் தராசு ஏன் நேராக நின்றது? குட்டைப் பக்கத்துத் தட்டும் சங்கிலியும் அதற்கேற்ற கனத்தில் இருந்தன. தட்டுகளின் திருப்புத்திறனைச் சமன் செய்துவிட்டால் முள் நேராகத்தான் நிற்கும். சரக்கு ஏறியதும்தான் கோலின் நீளம் வேலையைக் காட்டும். காய்கறிக் கடையில் இதையே தலைகீழாகச் செய்யலாம். சரக்கை நீளப் பக்கம் வைத்தால் ஒரு கிலோவுக்கு 960 கிராம்தான் நம் பைக்கு வரும்.

அதனால் முதல் மூட்டையிலேயே தட்டை மாற்றிப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் சரக்கைக் கொடுக்காதீர்கள். கோணல் தராசிலும் சரியான எடை காண ஒரு வழி உண்டு. பிரெஞ்சு அறிஞர் போர்டாவின் பெயரால் வழங்குவது. மூட்டைக்கு எதிரே மணலைக் கொட்டி முள்ளை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு மூட்டையை இறக்கி, அதே தட்டில் படிக்கல்லை அடுக்குங்கள். இரண்டும் ஒரே கொக்கியில் தொங்குவதால் கோலின் நீளம் ஏமாற்ற முடியாது.

தராசிலும் படிக்கல்லிலும் அரசு முத்திரை இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறைதான் கவனிக்கிறது. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் சீட்டோடும் அளந்த விவரத்தோடும் புகார் கொடுத்திருக்கிறோம். இந்த சீசனில் கைத்தராசில் விற்றவர்கள் எடைச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். சந்தேகம் இருந்தால் நீங்களும் புகார் எழுதுங்கள்.