2002: ஜான்சனா, ஷில்லிங்கா?

2002 மேஜர் லீக் பேஸ்பால் சீசனில் ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) பட்டியலின் முதல் இரண்டு இடங்களும் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணிக்கே போயின. ராண்டி ஜான்சன் 334, கர்ட் ஷில்லிங் 316. ஒரே அணியின் இரண்டு பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) ஒரே சீசனில் 300-ஐத் தாண்டியது அதுவே முதல் முறை.

ஜான்சன் இடது கை, உயரம் 6 அடி 10 அங்குலம். அவருடைய ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) வலது கை பேட்டரின் நடுப்பகுதிக்கு வருவதுபோல் தெரியும். மட்டையைச் சுழற்றி முடிப்பதற்குள் பின்னங்காலருகே போய் விழுந்திருக்கும். அந்த வேகத்தோடு இப்படி ஒரு வளைவும் சேர்ந்தால் பேட்டர் பாவம்தான், வேறென்ன சொல்ல! 24 வெற்றி, 5 தோல்வி, இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக பிட்சர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) 2.32. வெற்றி, இ.ஆர்.ஏ., ஸ்ட்ரைக்-அவுட் மூன்றிலும், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் அவர்தான் முதலிடம். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே.

ஷில்லிங் வலது கை. வேகப்பந்தும், கடைசி நொடியில் சட்டென்று தாழும் ஸ்ப்ளிட்டரும் அவருடைய ஆயுதங்கள். 23 வெற்றி, 7 தோல்வி, இ.ஆர்.ஏ. 3.23. ஆனால் ஒரு கணக்கில் ஜான்சனே பின்தங்குகிறார்: இருவரும் ஏறக்குறைய 260 இன்னிங்ஸ் வீசியும், ஜான்சன் கொடுத்த வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) 71, ஷில்லிங் கொடுத்தது வெறும் 33. அதாவது ஒரு வாக்குக்கு ஒன்பதுக்கும் மேல் ஸ்ட்ரைக்-அவுட்.

விருது சரியான ஆளுக்குத்தான் போனது. ஆனாலும் பந்தை நினைத்த இடத்தில் வைக்கும் கலைக்கு என் ஓட்டு ஷில்லிங்குக்கே.