நான்கு வருடமாக எங்கள் வீட்டில் 'டோட்டோ-சான்'

போன வாரம்தான் பைண்டிங் கடையிலிருந்து புத்தகம் திரும்பி வந்தது. அன்றைக்கே கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கேட்டாள். "அக்கா, என் பையன் எதை எடுத்தாலும் பாதியில விட்டுடுறான். விடாமுயற்சி வர்ற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்களேன்." 'டோட்டோ-சான்' என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

புத்தகத்தைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. தெட்சுகோ குரோயாநாகி தன் சிறுவயதைப் பற்றி 1981ல் ஜப்பானிய மொழியில் எழுதியது. டோட்டோ-சான் என்பது சின்ன வயதில் அவருடைய செல்லப்பெயர். ரயில் பெட்டிகள் வகுப்பறையாக இருந்த டோமோயி பள்ளி, தலைமையாசிரியர் கோபயாஷி. தமிழில் படிக்காத ஆசிரியர்கள் குறைவு.

வாங்கியபோது மகளுக்கு ஏழு வயது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதற்கு முன் முயலும் ஆமையும், வலை பின்னும் சிலந்தி என்று நிறைய வாங்கிக் கொடுத்திருந்தேன். எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி 'நீதி' என்று போட்டிருக்கும். அவள் நேராக அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவாள். என்ன தப்பு? விஷயம்தான் தெரிந்துவிட்டதே. இந்தப் புத்தகத்தில் அப்படிக் கட்டம் எதுவும் இல்லாததால் வேறு வழியில்லாமல் உள்ளே போனாள். டோட்டோ-சானின் பள்ளித் தோழன் 'யாசுவாகி-சான்' என்ற பெயர் தடுக்காமல் வருவதற்கே நாலு நாள் ஆனது. ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பெயரிடம் வந்து நிற்பாள், மூச்சை இழுத்துக்கொள்வாள், மறுபடி ஆரம்பிப்பாள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது கழிப்பறைத் தொட்டிக் கதை. டோட்டோ-சானின் பணப்பை தொட்டிக்குள் விழுந்துவிடுகிறது. நீளக் கைப்பிடி போட்ட அகப்பையை எடுத்து வந்து உள்ளே இருப்பதையெல்லாம் அள்ளி வெளியே குவிக்கிறாள். மணி அடித்தும் நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் திட்டவில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிட வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். பை கிடைக்கவில்லை. அவள் அள்ளியதையெல்லாம் திரும்பப் போடுகிறாள்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது ஒரு நாள் சாயங்காலம் கம்மல் திருகாணி தொலைந்துபோனது. நான் வேலை முடிந்து வந்து பார்த்தால், முற்றத்தில் பழைய செய்தித்தாளை விரித்துக் குப்பைக்கூடையைக் கவிழ்த்திருக்கிறாள். காய்கறித் தோல், தேங்காய் நார், டீத்தூள் சக்கை, தலைமுடி. ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சத்தம் போட்டேன். அவள் நிமிரவே இல்லை. முக்கால் மணி நேரம் ஆகியும் திருகாணி கிடைக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் கூடைக்குள் வாரிப் போட்டு, தாளை மடித்து, தரையைக் கழுவிவிட்டாள். கழுவும்போதுதான் எனக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வந்தது. கத்தியதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

இதற்காகவே இந்தப் புத்தகத்தைக் கோயிலில் வைக்கலாம். ஆனால் என் கோபத்தையும் சொல்ல வேண்டும்.

போலியோ வந்த யாசுவாகி-சானைத் தன் மரத்தில் ஏற்றிவிட டோட்டோ-சான் படும் பாட்டைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் சாதாரண ஏணி; கீழேயிருந்து தள்ளியும் அவனால் ஏற முடியவில்லை. பிறகு விரித்து வைக்கிற ஏணியை இழுத்து வருகிறாள். மேலே வந்த பிறகும் கிளைக்கு வர முடியாமல் தவிக்கிறவனைக் கையைப் பிடித்து இழுக்கிறாள். மரத்தில் உட்கார்ந்து அமெரிக்காவில் தொலைக்காட்சி என்று ஒன்று வந்திருப்பதாக அவன் சொல்கிறான். (ஜப்பானில் 1953ல் தொலைக்காட்சி வந்தபோது அதில் முதன்முதலாக நடித்தவர்களில் குரோயாநாகியும் ஒருவர். இதைச் சொன்னதும் மகள் எழுந்து குதித்தாள்.) அந்த அத்தியாயத்தை மட்டும் முப்பது தடவையாவது படித்திருப்பாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டு என்னை ஏற்றிவிட்டும் பார்த்திருக்கிறாள்.

அந்தப் பையன் பின்னால் செத்துப்போகிறான். ஏழு வயசுக் குழந்தைக்கு முன்னறிவிப்பே இல்லாமல் அந்தப் பக்கம் வருகிறது. அவ்வளவு பாடுபட்டு மரமேறியவனுக்கு இதுதானா? பள்ளியும் 1945ல் குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. எரியும்போதே அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று மகனிடம் கேட்ட கோபயாஷி 1963ல் காலமானார். பழைய டோமோயி திரும்ப எழவில்லை. உண்மையாக நடந்தது, மாற்றி எழுத முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு ராத்திரி குப்புறப் படுத்து அழுத குழந்தையைத் தேற்றியவள் நான். குழந்தைக்குக் கொடுக்கும் முன் முழுசாகப் படித்திருக்க வேண்டும் என்று என்மேலும் கோபம், புத்தகத்தின்மேலும் கோபம்.

மறுநாள் அவள் ஸ்டேப்ளரை எடுத்து அந்தப் பக்கங்களைச் சேர்த்து இரண்டு பின் அடித்துவிட்டாள். அதற்கப்புறம் புத்தகத்தை ஐந்து முறை முழுசாகப் படித்திருக்கிறாள். பின் அடித்த இடம் வந்தால் அப்படியே தாண்டிவிடுவாள். எவ்வளவு கஷ்டமான கணக்கையும் விடாமல் போடுகிற பெண், சைக்கிளில் முட்டி பெயர்ந்தும் அழாமல் திரும்ப ஏறின பெண், அந்த ஒரு இடத்தை மட்டும் தொட மாட்டேன் என்கிறாள். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்த வருஷம் புத்தகத்தின் முதுகு விட்டு, மரமேறும் பக்கம் தனியாகக் கையோடு வந்துவிட்டது. பைண்டிங் கடை அண்ணன் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, நூல் போட்டுத் தைத்து, காலிகோ துணி ஒட்டி, துத்தம் கலந்த மைதாப் பசையில் புது அட்டை போட்டுக் கொடுத்தார். நூற்று இருபது ரூபாய். இன்னும் இருபது வருஷம் வரும் என்றார். வாங்கும்போது சொன்னார்: "நடுவுல பின் அடிச்சிருந்துச்சும்மா. துருப்பிடிச்சுத் தாளை அரிச்சிடும். எடுத்துட்டேன்."

புத்தகம் கேட்ட அந்தப் பெண்ணுக்கு நேற்று பதில் சொல்லிவிட்டேன். விடாமுயற்சி வரும் என்று நம்பி இதை வாங்காதே, பையனுக்கும் கொடுக்காதே, முதலில் நீ படி என்றேன். என் பிரதியைக் கேட்டாள். இரவல் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் இதுபோல உழைத்த புத்தகம் வேறு இல்லை.

மகள் புது அட்டையைத் தடவிப் பார்த்தாள். முகர்ந்தாள். நடுவில் பிரித்து, பின் இருந்த இடத்தில் துரு வட்டம் போட்டிருந்த ஓட்டைகளைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். அதன்பிறகு எடுத்தாளா என்று நான் கேட்கவில்லை.